என் கிணற்றில் டீசல், தங்கள் மேல் புகார்

மூலைப் பெட்ரோல் பங்க் உரிமையாளர் அவர்களுக்கு,

பங்க்கின் பின்சுவரை ஒட்டிய கிணற்று வீட்டில் வசிப்பவனும், எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனும், தங்கள் மூத்த சகோதரியின் கணவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் சகோதரியும் நலம். தாங்களும் நலம் என்பதைத் தங்கள் மாடிக்கொடியில் காயும் சட்டைகளை வைத்து அறிந்துகொள்கிறேன். சென்ற வாரம் ஒரு நாள் கொடியில் சட்டையே இல்லை. "காய்ச்சலா இருக்குமோ, எழுந்திரிக்கவே இல்லையோ" என்று தங்கள் சகோதரி கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மறுநாள் இரண்டு சட்டை காய்ந்த பிறகுதான் எனக்குச் சாப்பாட்டில் உப்பு சரியாக விழுந்தது.

கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே ஒரு முழுக் காலை போய்விட்டது. முதல் தாளில் 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு' என்று எழுதினேன். பதினோரு ஆண்டுகளாகத் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தையும் ஒருவர் தரையையும் பார்த்துக்கொண்டு போகிற உறவுக்கு அது கொஞ்சம் அதிகப்படி என்று பட்டது, கிழித்துவிட்டேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியாது. என் புகாரால் தங்கள் பங்க் மூன்று மாதமாகக் கயிறு கட்டிக் கிடக்கிறது. வரும் வியாழக்கிழமை தங்கள் உரிமத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்று விசாரணை. அதற்கு முன்னால் தாங்கள் ஒன்றை அறிந்தாக வேண்டும். அதை நேராகச் சொல்லிவிடலாம்தான். காலமெல்லாம் அறிக்கை எழுதியவனுக்கு முடிவை முதலில் எழுதக் கை வராது. பொறுத்தருள்க.

பழைய கதையைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, என் ஐந்து லிட்டர் பித்தளை அளவுக் குவளையோடு தங்கள் பங்க்குக்கு வந்தேன். (அதே குவளையைத்தான் நான் ஓய்வு பெற்ற அன்று நினைவுப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள். இப்போது அடுப்படியில் கரண்டிகள் போட்டு வைத்திருக்கிறது.) ஐந்து லிட்டருக்கு நாற்பது மில்லி குறைந்தது. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் நாற்பதுதான். மைத்துனர் என்று பார்க்காமல் பம்பை நிறுத்தி முத்திரை வைத்தேன். அன்று மாலை தாங்கள் எங்கள் வாசலில் வந்து நின்று, "என் மெஷின் சரியாத்தான் இருக்கு அத்தான், உங்க மனசுதான் சரியில்ல" என்றீர்கள். தங்கள் சகோதரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அதைத் தொடாமல் படியிறங்கிப் போனீர்கள். சொம்பைப் பிடித்தபடி அவள் நெடுநேரம் வாசலிலேயே நின்றாள். இருந்தாலும் கடமை கடமைதான். அந்த முத்திரைக்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் எள்ளளவும் வருந்தவில்லை. கடிதத்தின் கடைசி வரைக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி கிணறு. நான்கு மாதத்துக்கு முன், மழை விட்ட ஒரு காலையில், தங்கள் சகோதரி ஒரு தம்ளரை என் மூக்கருகே நீட்டி, "என்னங்க, தண்ணியில ஒரு வாடை வருதே, பாருங்க" என்றாள். முகர்ந்தேன். டீசல். பங்க் பங்க்காக ஏறி இறங்கிய மூக்கு ஐயா இது, இதை ஏமாற்ற முடியாது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்: சந்தோஷம். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்து புகார் எழுதினேன், மூன்று பிரதி. 'எமது கிணற்றிலிருந்து அறுபதடி தூரத்தில், மேட்டுப் பக்கமாக, எரிபொருள் நிலையம் ஒன்று அமைந்துள்ளதைத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று போகும் அது. எழுதிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். கொல்லை மரத்து நிழலில், என் பிரம்பு நாற்காலியில். எங்கள் கொல்லை முழுக்க மேடும் பள்ளமும். மண்ணில் பதிந்து கிடக்கிற ஒரு பழைய இரும்பு மூடியின் மேல் வைத்தால் மட்டும் நாற்காலி ஆடாது. ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பிடித்த இடம் அது. ஏதோ பழைய கழிவுத்தொட்டியின் மூடி என்று நினைத்து இருபத்தைந்து வருடமாக மாலைதோறும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆய்வுக்கு வந்தவர் ஒரு பெண் பொறியாளர். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் துளை போடும் லாரி. தங்கள் சகோதரி வந்த அன்றே அவருக்குத் 'தண்ணி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் கிணற்றுத் தண்ணீரைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி ஐஸ் பெட்டியில் அடுக்கியதைப் பார்த்தபோது, நம் ஜாதி என்று எனக்கு ஒரே பூரிப்பு. அளவில் அக்கறை உள்ளவர்களைத்தான் சொல்கிறேன். ஆனால் ஆள் அவசரமே படவில்லை. நான் பொறுக்க முடியாமல், "டேங்க் அங்க இருக்கு, நாத்தம் இங்க அடிக்குது, தரை அங்கேயிருந்து இங்க சரியுது. இதுல ஆய்வு பண்ண என்ன இருக்கு?" என்று கேட்டேன். "சார், மேல இருக்கிற சரிவைப் பார்த்துக்கிட்டு அடியில தண்ணி ஓடாது. மூணு இடத்துல துளை போட்டு, ஒவ்வொண்ணுலயும் தண்ணி எந்த உயரத்துல நிக்குதுன்னு பார்க்கணும். உசரமா நிக்கிற இடத்துலேர்ந்து தாழ்வா நிக்கிற இடத்துக்குத்தான் அது போகும். டீசலும் அது கூடவே போகும்" என்றார். சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து தங்கள் சகோதரியிடம், "அம்மா, எத்தனை நாளா இந்தத் தண்ணியக் குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மூன்று பிரதி எழுதினேன், இணைப்புகளுக்கு எண் போட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மாசமாவே லேசா வாடை இருந்துச்சும்மா. இவருக்கு வயித்துக்கு ஒத்துக்காதுன்னு எதிர்வீட்டுக் குழாயில பிடிச்சுட்டு வந்து இவருக்குக் கொடுத்துடுவேன். எனக்கு இதுவே போதும்னு குடிச்சுக்குவேன்." "வீட்டுல சொல்லலையா?" என்று கேட்டார் தண்ணி டாக்டர். "சொன்னா என் தம்பி மேல புகார் எழுதிடுவாரேம்மா. அன்னைக்குத் தாங்கவே முடியல, அதான் சொல்லிட்டேன். பாருங்க, எழுதிட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் உள்ளே போய் அலமாரியில் எதையோ தேடுவது போல நின்றேன். உங்கள் அக்கா இரண்டு மாதம் டீசல் தண்ணீர் குடித்திருக்கிறாள், அதுவும் என் வாய்க்குப் பயந்து. அன்று பிற்பகலே இருவரும் மருத்துவரிடம் போனோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லை, இனி அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்றார். அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை நான் உங்களையும் புகாரையும் சுத்தமாக மறந்திருந்தேன். ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது: வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஞாபகம் வந்துவிட்டது.

துளைகள் போட்டார்கள். ஒன்று உங்கள் பங்க்கில், ஒன்று தெருவில், ஒன்று எங்கள் கொல்லையில். தண்ணி டாக்டரிடம் ஒரு கருவி இருந்தது. நாடாவைத் துளைக்குள் இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். அதில் எங்கள் துறை முத்திரை இல்லை. முத்திரை இல்லாத கருவி என் வீட்டில் எதையும் அளக்காது என்று சொல்லிவிட்டேன். என்னிடம் பத்து மீட்டர் இரும்பு டேப் இருக்கிறது, அரசாங்க முத்திரை போட்டது, நான் பணியில் இருந்த காலம் முழுக்கக் கூட வந்தது. "இதால அளந்தா அளங்க, இல்லைன்னா துளையை மூடிட்டுப் போங்க" என்றேன். உச்சி வெயில். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, "சரி சார், நீங்களே அளந்து சொல்லுங்க" என்றார். மண்டியிட்டு அளந்தேன். நான்கு மீட்டர் எண்பத்திரண்டு சென்டிமீட்டர். என் பேனாவால் அவர் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மற்ற இரண்டு துளைகளையும் அவர் தன் கருவியாலேயே அளந்துகொண்டார்.

இரண்டு வாரத்தில் வரைபடம் வந்தது. மூன்று துளைகள், நீலக் கோடுகள், நடுவில் தண்ணீர் போகும் திசைக்கு ஒரு அம்பு. அம்பு உங்கள் பங்க்கிலிருந்து புறப்பட்டு நேராக எங்கள் கிணற்றைக் குத்திக்கொண்டு நின்றது. உங்கள் மூன்று டேங்க்கில் இரண்டு சோதனையில் தேறிவிட்டன, மூன்றாவது பழையது, அதில் சந்தேகம் என்று எழுதியிருந்தார்கள். அம்பு வந்ததும் சந்தேகமும் தீர்ந்தது போல ஆயிற்று. பங்க்கைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அந்த வரைபடத்தை நான் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். உங்கள் அக்கா அதன் மேல் நாட்காட்டியை மாட்டிவிட்டாள். தினமும் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து, ஒரு வண்டிகூட இல்லாத பங்க்கைப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

சென்ற திங்கட்கிழமை வரை நிலைமை இதுதான். திங்களன்று, கேன் தண்ணீர் வைக்க ஒரு பலகை அடிப்பதற்குத் தச்சரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் சுவரை அளந்து ஒரு கணக்கு சொன்னார். நான் என் டேப்பால் அளந்தேன், இருபது சென்டிமீட்டர் வித்தியாசம். "யோவ், தொழிலுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? இது முத்திரை போட்ட டேப்பு" என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். தச்சர் பொறுமைசாலி. என் டேப்பின் நுனியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "சார், கோச்சுக்காதீங்க. உங்க டேப்பு இருபதுலதான் ஆரம்பிக்குது" என்றார்.

உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா. என் சாமான் எதுவும் இற்றுப்போக விடமாட்டாள். மூக்குக்கண்ணாடிக் காலுக்கு நூல் சுற்றியிருப்பாள், குடைக்கம்பிக்கு ஒட்டுப் போட்டிருப்பாள், எனக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் தானாகவே நீடித்து உழைக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தவள், "ஆமாங்க, நீங்க ரிட்டயர் ஆன வருஷம் நுனி துருப்பிடிச்சு ஒடிஞ்சு தொங்குச்சு. கையைக் கிழிச்சுடப் போகுதேன்னு அந்தத் துண்டைக் கத்தரிச்சுட்டு, வளையத்தைத் திரும்பக் கோத்து வச்சேன். நல்லாத்தானே இருக்கு?" என்றாள். நல்லாத்தான் இருந்தது. அவ்வளவு நேர்த்தியாக எந்தத் தொழிற்சாலையும் செய்யாது. சந்தையில் ஒரு தராசுமுள் மயிரிழை சாய்ந்தால் கடையை மூடியவன், சொந்த டேப்புக்குச் சைபர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

தச்சர் போன பிறகு கொல்லைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கணக்கு ஒன்றும் கடினமில்லை. எங்கள் துளையில் தண்ணீர் நான்கு எண்பத்திரண்டில் இல்லை, நான்கு அறுபத்திரண்டில் இருக்கிறது. நான் எழுதியதைவிட இருபது சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. யாருக்கும் தெரியாது. தச்சருக்கு வரைபடம் தெரியாது, தண்ணி டாக்டருக்கு டேப் தெரியாது, உங்கள் அக்காவுக்கு இரண்டும் தெரியும், ஆனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தெரியாது என்று நினைத்தேன். வியாழக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், அரை மணி நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் உங்கள் அக்கா வந்து சட்டையை நீட்டினாள். "பஸ்ஸு ரெண்டரைக்கு. அந்தப் பொண்ணு ஆபீஸு அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்" என்றாள். போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தண்ணி டாக்டர் டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அன்னைக்கு உங்க வாயை அடைக்கணும்னுதான் ஒத்துக்கிட்டேன் சார். என் தப்பும் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே வந்து, கீச்சென்று கத்தும் கருவியால் மூன்று துளையையும் ஒரே மணி நேரத்தில் அளந்தார். நான் குடை பிடித்தேன். அங்கேயே கோடு போட்டார். அம்பு அப்படியே திரும்பிக்கொண்டது. எங்கள் கொல்லையிலிருந்து உன் பங்க்குக்குப் போகிறது. (தாங்கள் எப்போது நீங்களாகி நீங்கள் எப்போது நீ ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பேனா போகிற போக்கு.) "சார், அப்படின்னா டீசல் உங்க பக்கத்துலேர்ந்துதான் வருது. இங்க பழைய டேங்க்கு ஏதாவது உண்டா?" என்றார். "சேச்சே, அப்படி ஒண்ணும் கிடையாது" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அவர் என் காலடியையே பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "சார், கொஞ்சம் எழுந்திரிங்களேன்" என்றார்.

மூடியைத் திறந்தார்கள். வீட்டை எனக்கு விற்றவர் அந்தக் காலத்தில் நாலைந்து வேன் ஓட்டியவர். வேனுக்கெல்லாம் டீசல் இங்கேதான் புதைத்து வைத்திருந்திருக்கிறார். போகும்போது வேன்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார், மிச்ச டீசலோடு டேங்க்கை எனக்கு விட்டுவிட்டார். அடியில் துருவேறி ஓட்டை விழுந்து, மழையில் நிலத்தடித் தண்ணீர் ஏறியதும் கலக்க ஆரம்பித்திருக்கிறது. மேல் நான் உட்கார்ந்து உன் மேல் புகார் எழுத, கீழே அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. உன் டேங்க் என் கிணற்றைக் கெடுக்கவில்லை. என் டேங்க்தான் உன் மண்ணைக் கெடுத்திருக்கிறது. உன் வீட்டில் ஊர்க் குழாய்த் தண்ணீர்தான், கெடுதல் இல்லை என்று உன் அக்கா சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஆக, புகாரைத் திரும்பப் பெற்றுத் தவற்றை ஒப்புக்கொண்டு மூன்று பிரதி எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை நீ சாட்சிக்காரர் பெஞ்சில் வசதியாக உட்காரலாம், பதில் சொல்லும் இடத்தில் நான் நிற்கிறேன். டேங்க்கை எடுத்து, கெட்ட தண்ணீரை இறைத்து, கிணறு தேற எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாதாம். மூன்று மாதம் உன் பங்க்கை மூடவைத்ததற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இது முழு மனதோடு. ஆனால் பதினோரு வருடத்துக்கு முந்தைய முத்திரைக்காக அல்ல. அது வேறு, இது வேறு. டேப் தப்பாக இருக்கலாம், குவளை தப்பாது. நாற்பது மில்லி நாற்பது மில்லிதான். ஆகவே நீ என்னோடு பேச வேண்டும் என்றோ, வீட்டுக்கு வர வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. உன் அக்காவோடு மட்டும் பேசினால் போதும். நான் அந்த நேரம் கடைத்தெருவுக்குப் போய்க்கொள்கிறேன்.

பம்புகள் மறுபடி சுற்றவும், கொடியில் நாள் தவறாமல் சட்டை காயவும், உடல் நலத்தோடு நெடுநாள் வாழவும் மனமார வாழ்த்தும்,

உன் அக்காவின் கணவன்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். 'குவளை தப்பாது' என்ற இடம் வந்ததும், "எந்தக் குவளை? கரண்டி போட்டு வச்சிருக்கேனே, அதுவா? நீங்க வேலையில இருந்தப்ப வீட்டுக்குக் கொண்டுவருவீங்களே, அது ஒரு தடவை நான் விளக்கும்போது கைதவறி விழுந்து நெளிஞ்சுதே. நீங்க பதறுவீங்கன்னு பாத்திரக்காரர்கிட்ட கொடுத்தேன். உள்ளே மரச்சுத்தியலை விட்டுத் தட்டித் தட்டி, முன்னைவிட எடுப்பா ஆக்கிக் கொடுத்தாரு" என்றாள். எப்போது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தம்பி கடைசியா நம்ம வீட்டுக்கு வந்தான்ல, அதுக்கு முந்தின வாரம்" என்றாள். கரண்டிகளைக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலால் ஐந்து தடவை தண்ணீர் ஊற்றினேன். ஐந்து லிட்டர் காட்டும் கழுத்துக் கோட்டுக்குக் கீழே நின்றது. இருமல் மருந்து மூடியால் ஊற்றினேன், மூடிக்குப் பத்து மில்லி. நான்கு மூடி ஆயிற்று. அந்த வருடக் கடைசியில் அந்தக் குவளை பரிசோதனையில் தேறவில்லை என்று எனக்கு வேறு ஒன்று கொடுத்ததும், தேறாததைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.

உன் மெஷின் சரியாகத்தான் இருந்திருக்கிறது மாப்பிள்ளை. மேலே 'எள்ளளவும்' என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உன் அக்காவை ஒன்றும் கேட்காதே, அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அவள் முகம் கழுவியதும் இருவரும் கொண்டுவருகிறோம், மாடிக் கதவைத் திறந்து வை. எங்கள் கிணற்றில் இப்போது கொடுக்க நல்ல தண்ணீர் இல்லை. அதனால் நீதான் உன் அக்காவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மிச்சமிருந்தால் எனக்கும் கொடு, அளவு பார்க்க மாட்டேன்.